பிரம்பு போன இடத்தில் எதை வைத்தோம்?

2025 ஜூலையில் தமிழகப் பள்ளிக்கல்வித் துறையிலிருந்து ஒரு சுற்றறிக்கை போனது. மேசைகளை வரிசை வரிசையாகப் போடாமல் 'ப' வடிவில் போடுங்கள் என்பது அதன் சாரம். கேரளத்தில் அப்போது பேசப்பட்டுக்கொண்டிருந்த 'ஸ்தானார்த்தி ஸ்ரீகுட்டன்' என்ற மலையாளப் படத்திலிருந்து கிளம்பிய யோசனை அது. கடைசி பெஞ்சில் உட்காரும் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் தேர்தலில் நிற்பதுதான் கதை. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுக் கொல்லம் மாவட்டம் வாளகத்தில் ஒரு பள்ளி பெஞ்சுகளைச் சுவரோரமாக நகர்த்தியது. இன்னும் சில பள்ளிகள் அதைப் பின்பற்றின. தமிழ்நாட்டிலோ பெரிய வாக்குவாதமே நடந்தது. ஐம்பது பிள்ளைகள் இருக்கும் அறையில் எப்படி 'ப' போடுவது என்றார்கள் ஆசிரியர்கள். நாள் முழுக்கக் கழுத்தைத் திருப்பியே கரும்பலகையைப் பார்த்தால் கழுத்தும் கண்ணும் என்ன ஆகும் என்ற கேள்வியும் வந்தது. சில நாட்களிலேயே உத்தரவு நிறுத்திவைக்கப்பட்டது.

மேசை எப்படிக் கிடக்கிறது என்பது சின்ன விஷயம்தான். ஆனால் அந்தச் சில நாள் விவாதம், நடுநிலை வகுப்புகளைப் பற்றி நம் மனதில் ஊறிப்போயிருக்கும் ஒரு நினைப்பை வெளியே கொண்டுவந்தது. பிள்ளைகள் முகம் பார்த்துப் பேசிப் படிக்கட்டும் என்றவர்கள் ஒரு பக்கம். பேச விட்டால் வகுப்பு சந்தைக்கடை ஆகிவிடும் என்றவர்கள் மறுபக்கம். ஒன்று வேண்டுமென்றால் மற்றதை விட்டுத்தான் ஆக வேண்டும் என்றே இரு தரப்பும் பேசின. இது தவறான கணக்கு. ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளில் பிள்ளைகள் முழு மனதோடு வேலை செய்யும் அறை எதுவென்று தேடிப் போனால், அங்கே கட்டுப்பாடு மற்ற அறைகளைவிடக் கூடுதலாகவே இருக்கும். அது ஆசிரியரின் குரலில் இருக்காது. பாடம் நடக்கும் விதத்திலேயே இருக்கும்.

பதினொன்றிலிருந்து பதின்மூன்று வரை ஒரு விசேஷமான வயது. ஐந்தாம் வகுப்பு வரை பெரும்பாலும் ஒரே டீச்சர். பிள்ளையின் முகம் வாடியிருந்தால் அவருக்குத் தெரிந்துவிடும். ஆறாம் வகுப்பில் மணி அடிக்க அடிக்க ஆசிரியர் மாறுகிறார். அதே சமயத்தில் உடம்பும் குரலும் மாறுகின்றன. ஆசிரியர் திட்டுவதைக் காட்டிலும் பக்கத்தில் இருப்பவன் சிரிப்பது அதிகம் சுடுகிறது. நாலாம் வகுப்பில் "டீச்சர், நான் சொல்றேன், நான் சொல்றேன்" என்று எழுந்து நின்ற பெண், ஏழாம் வகுப்பில் விடை தெரிந்தும் தலை குனிந்து உட்கார்ந்திருப்பாள். தவறான விடைக்கு இந்த வயதில் கொடுக்க வேண்டிய விலை பெரிது. "அவனை மட்டும் விட்டுட்டீங்களே சார்" என்று நியாயம் கேட்கும் வயதும் இதுதான். விதி எல்லோருக்கும் ஒன்றா என்பதை இவர்கள் கூர்ந்து கவனிக்கிறார்கள். கவனித்துவிட்டுத்தான் அதற்குக் கட்டுப்படுவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறார்கள்.

இந்தப் பிள்ளைகளைக் கைகட்டி வாய்பொத்தி உட்காரவைப்பதையே நாம் நெடுங்காலமாக ஒழுக்கம் என்று எண்ணிவந்திருக்கிறோம். குண்டூசி விழுந்தால் கேட்கும் வகுப்பு நல்ல வகுப்பு. ஆசிரியர் இல்லாத நேரத்தில் லீடர் கரும்பலகையில் பேசியவர் பெயரை எழுத வேண்டும். வராந்தாவில் போகும் தலைமையாசிரியர் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தால் அந்த ஆசிரியருக்கு அது இழுக்கு. இப்படிப்பட்ட பள்ளியில் புதிதாகச் சேரும் இளம் ஆசிரியர் ஒருவர் குழு வேலை கொடுக்கத் துணிவாரா? முதல் வாரத்திலேயே அடங்கிவிடுவார். பிள்ளைகளை மட்டுமல்ல, ஆசிரியரையும் அமைதி என்ற அளவுகோலால்தான் அளக்கிறோம்.

வாய்பொத்தவைக்காமல் வகுப்பை ஒழுங்காக நடத்துவது எப்படி என்ற கேள்விக்குச் சென்னையிலேயே 230 ஆண்டுகளுக்கு முன் ஒரு விடை கண்டுபிடிக்கப்பட்டது என்பது பலருக்கும் தெரியாது. 1789இல் எழும்பூரில் இருந்த ஆண் அநாதைகள் காப்பகத்தின் பொறுப்பை ஏற்றவர் ஸ்காட்லாந்துக்காரரான ஆண்ட்ரூ பெல். ஐரோப்பியச் சிப்பாய்களுக்கும் இந்தியத் தாய்மார்களுக்கும் பிறந்த பிள்ளைகள் அங்கே படித்தார்கள். பாடம் சொல்ல வந்தவர்களுக்கு அக்கறை இல்லை. ஒருநாள் உள்ளூர்த் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பெல் பார்த்தார். அதையே தம் பள்ளியில் செய்யச் சொன்னபோது ஆசிரியர்கள் மறுத்தார்கள். உடனே ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனை அழைத்துச் சின்ன வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார். கற்றவன் கற்பிக்க, வகுப்பு உயிர் பெற்றது. நம் திண்ணைப் பள்ளிகளின் சட்டாம்பிள்ளை முறைக்கு உறவான இந்த ஏற்பாடுதான் பின்னால் 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்து முழுக்கப் பரவியது.

பிரம்புக்குப் பதிலாகப் பெல் செய்ததுதான் இங்கே முக்கியம். தவறுகளை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்து, வாரத்துக்கு ஒருமுறை முழுப் பள்ளியின் முன் படிக்கவைத்தார். மாணவர்களே நடுவர்களாக இருந்து தீர்ப்புச் சொன்னார்கள். எல்லோருக்கும் ஒவ்வொரு நிமிடமும் வேலை இருந்ததால் தண்டனைக்கான தேவையே குறைந்தது என்று 1797இல் வெளியான தம் அறிக்கையில் அவர் வாதாடினார். ஆனால் நாம் திண்ணைப் பள்ளியிலிருந்து மறக்காமல் தூக்கிவந்தது மணலையும் சட்டாம்பிள்ளையையும் அல்ல, கோதண்டத்தைத்தான். பிள்ளையின் கைகளை உத்தரத்துக் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்ட அந்தத் தண்டனையின் பேரன்தான் பிரம்பு.

பிரம்பு சட்டப்படி எப்போதோ போய்விட்டது. தமிழ்நாடு கல்வி விதிகளின் 51ஆவது விதி 2003இல் திருத்தப்பட்டு, பிள்ளைக்கு உடல் வலியோ மன வலியோ தரும் தண்டனை தடைசெய்யப்பட்டது. 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு அதையே நாடு முழுமைக்கும் சொன்னது. இவ்வளவுக்கும் பிறகு, தேசிய குழந்தைகள் உரிமை ஆணையத்தின் வழிகாட்டுதல்களை நடைமுறைப்படுத்துங்கள் என்று 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. மத்திய அரசு 2007இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளி செல்லும் பிள்ளைகளில் 65 விழுக்காட்டினர் அடி வாங்கியதாகச் சொல்லியிருந்தார்கள். மூன்றில் இரண்டு பேர். கேள்வி கேட்டதற்காக அடிபட்ட ஒரு சிறுமியைப் பற்றி இரா. நடராசன் எழுதிய 'ஆயிஷா' குறுநாவல் இன்றும் ஆசிரியர்கள் கையில் இருப்பதற்குக் காரணம், அது ஒரு தனிப் பள்ளியின் கதையாக யாருக்கும் தோன்றாததுதான்.

பெற்றோருக்கும் இதில் பங்கு உண்டு. "கண்ணை மட்டும் விட்டுட்டு மீதியை உரிச்சிடுங்க சார்" என்று சொல்லிப் பிள்ளையைச் சேர்த்துவிட்டுப் போகும் அப்பா இன்றும் இருக்கிறார். தன் பிள்ளை படித்து மேலே வர வேண்டும் என்ற தவிப்புதான் அவரை அப்படிப் பேசவைக்கிறது. ஆனால் அந்த ஒரு வார்த்தை, பள்ளிக்குள் நுழையும் முதல் நாளிலேயே பிள்ளைக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது.

ஆசிரியர்கள் சொல்லும் மறுதரப்பையும் காது கொடுத்துக் கேட்டாக வேண்டும். "கையைக் கட்டிப் போட்டுவிட்டீர்கள். அடிக்காதே, திட்டாதே என்கிறீர்கள். சரி, என்ன செய்ய என்று சொன்னீர்களா?" என்று அவர்கள் கேட்பதில் நூற்றுக்கு நூறு நியாயம் இருக்கிறது. 2025 ஏப்ரலில் பாளையங்கோட்டையில் ஒரு தனியார் பள்ளியின் எட்டாம் வகுப்பு மாணவன் சக மாணவனை அரிவாளால் வெட்டினான். தடுக்கப்போன ஆசிரியையும் காயம்பட்டார். அப்படியொரு செய்தியைப் படித்த ஆசிரியரிடம் போய், பிள்ளைகளைச் சுதந்திரமாக விடுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வருவது பொறுப்பான பேச்சு அல்ல. பிரம்பை வாங்கி வைத்தோம். அது இருந்த இடத்தில் என்ன வைப்பது என்பதை ஆசிரியர் தலையிலேயே விட்டுவிட்டோம்.

ஒரு காலத்தில் வைக்கப் பார்த்தோம். 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளி உருவாக்கிய முறையைப் பார்த்து, அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் அதை இங்கே கொண்டுவந்தார். 2007 வாக்கில் அது மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது. அட்டைகள், சுவரில் ஏணிப்படி, பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை, தரையில் குழுக் குழுவாகப் பிள்ளைகள். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு விளையாட்டாகத் தெரிந்தது. உள்ளே மிகக் கறாரான ஒழுங்கு இருந்தது: எந்தப் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது, அடுத்து எந்த அட்டையை எடுக்க வேண்டும், எந்தக் குழுவில் போய் உட்கார வேண்டும் என்பது பிள்ளைக்கே தெரியும். வருகையைப் பிள்ளையே பதிந்துகொள்ளும்.

ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கு வந்தது படைப்பாற்றல் கல்வி. அறிமுகம், வாசித்தல், மனவரைபடம், குழுவில் தொகுத்தல், வலுவூட்டல், எழுதுதல், மதிப்பீடு என்று படிகள் வைத்தார்கள். யோசித்துச் செய்த வரிசைதான் அது. தனியாகப் படி, தாளில் வரை, நாலு பேரோடு ஒப்பிடு, பிறகு எல்லோர் முன்பும் சொல். வெட்கப்படும் வயதுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல பாதை கிடையாது. முதலில் தாளோடு பேசி, பிறகு தோழியோடு பேசி, தெம்பு வந்த பிறகுதான் வகுப்போடு பேசுகிறாள். ஆனால் நாற்பது நிமிடப் பாடவேளையில் ஏழு படியும் ஏற முடியாது. பார்வையிட வந்த அதிகாரிகள் பலரும் மனவரைபடம் இருக்கிறதா என்று பார்த்தார்களே தவிர, அதை வரைந்த பிள்ளைக்குப் பாடம் புரிந்ததா என்று பார்க்கவில்லை. எல்லாப் பாடத்துக்கும், செய்யுளுக்கும் கணக்குக்கும்கூட, மனவரைபடம் என்றானது. நடுவில் வட்டம் போட்டுக் கோடு இழுப்பது சடங்காயிற்று. 2012–13இல் முப்பருவ முறை வந்தது: வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60. அதன் பதிவேடுகள் ஆசிரியரின் மாலை நேரத்தை எடுத்துக்கொண்டன. நல்ல முறைகள் இப்படி ஒன்றன்மேல் ஒன்றாக வந்து, ஒன்று வேர்பிடிப்பதற்குள் இன்னொன்று நடப்பட்டது. படைப்பாற்றல் கல்வி தோற்றதென்று சொல்பவர்கள் உண்டு. அது முழுதாக நடத்தப்படவே இல்லை என்பதே சரி.

கட்டமைப்பு இல்லாத சுதந்திரத்தால் வகுப்பில் யாருக்கு லாபம்? ஏற்கெனவே குரல் உள்ளவனுக்குத்தான். "யார் வேணும்னாலும் சொல்லலாம்" என்றால் எப்போதும் சொல்லும் நாலு பேர்தான் சொல்வார்கள். "நீங்களே குழு பிரிஞ்சுக்கோங்க" என்றால் ஊர் எப்படிப் பிரிந்திருக்கிறதோ அப்படியே வகுப்பும் பிரியும். நாங்குநேரியில் 2023இல் ஒரு மாணவனும் அவன் தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடைசெய்யச் சொன்னதோடு, மாணவர்களைப் பெயரின் அகரவரிசைப்படி உட்காரவைக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. யார் பக்கத்தில் யார் என்பதை ஆசிரியர் முடிவு செய்வது அதிகாரம் காட்டுவதற்காக அல்ல. ஒதுக்கப்படும் பிள்ளைக்கு அதுதான் பாதுகாப்பு. ஒழுங்கு யாருக்காக என்று கேட்டால், முதலில் அந்தப் பிள்ளைக்காக.

இந்த ஒழுங்கை வகுப்பறையில் எப்படிக் கொண்டுவருவது? குஜராத்தின் கல்வியாளர் ஜிஜுபாய் பதேகா 1930களின் தொடக்கத்தில் எழுதி, தமிழில் 'பகல் கனவு' என்று வந்த நூல் இதற்கு ஒரு கதையே சொல்கிறது. முதல் நாள் வகுப்புக்குப் போகும் ஆசிரியர் லட்சுமிராம், மௌன விளையாட்டு என்று ஒன்றைத் திட்டமிட்டுப் போய்த் தோற்றுப்போகிறார். பையன்கள் கூச்சல் போடுகிறார்கள், வகுப்பை விட்டுவிடுகிறார். மறுநாள் கதை சொல்லத் தொடங்குகிறார். அறை அடங்குகிறது. அதன் பிறகு, கதைக்கு முன் வருகைப்பதிவு, கதை நடக்கும்போது பேச்சு இல்லை என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவருகிறார். பிள்ளைகள் ஏற்கிறார்கள், ஏனென்றால் அவர்களுக்கு வேண்டிய ஒன்றை அந்த விதிகள் காப்பாற்றுகின்றன. விதியை மட்டும் முதலில் வைத்தால் எதிர்ப்பு. கதையை மட்டும் வைத்தால் கொஞ்ச நாளில் கூச்சல். இரண்டையும் சேர்த்த இடத்தில்தான் வகுப்பு உருவாகிறது.

ஏழாம் வகுப்பு அறிவியல் பாடத்தில் இதே காரியம் வேறு உருவத்தில் நடக்கும். எலுமிச்சைச் சாறு, சோப்புத் தண்ணீர், செம்பருத்திப் பூவின் சாறு. நாலு பேர் ஒரு குழு. ஒருவர் பொருள் வாங்கி வருவார், ஒருவர் சொட்டு விடுவார், ஒருவர் எழுதுவார், ஒருவர் நேரம் பார்ப்பார். அடுத்த வாரம் வேலை மாறும். செய்வதற்கு முன்னால், என்ன நிறம் வரும் என்று ஒவ்வொருவரும் தம் நோட்டில் எழுதியாக வேண்டும். எட்டு நிமிடம். ஆசிரியர் கை தூக்கினால் பேச்சு நிற்க வேண்டும். இதைப் பழக்க இரண்டு வாரம் ஆகும். அந்த இரண்டு வாரமும் பாடம் போனதே என்று பதறாத தலைமையாசிரியர் வேண்டும். பழகிவிட்டால் அறையில் சத்தம் இருக்கும், ஆனால் கலவரம் இருக்காது. வேலையின் சத்தத்துக்கும் அலையும் சத்தத்துக்கும் வித்தியாசம் கதவுக்கு வெளியே நின்று கேட்டாலே தெரியும்.

விதி மீறினால் என்ன? அதற்கும் பதில் வேண்டும், அதுவும் முன்கூட்டியே எல்லோருக்கும் தெரிந்த பதிலாக. தண்ணீரைக் கொட்டினால் துடைக்க வேண்டும். குழு வேலையைக் கெடுத்தால் அன்றைக்குத் தனியாகச் செய்ய வேண்டும். அடுத்தவரைப் புண்படுத்தினால் உணவு இடைவேளையில் ஆசிரியரோடு உட்கார்ந்து பேச வேண்டும். முதல் பெஞ்சுக்காரனுக்கும் இதுவே. கோபத்தில் பிறந்த தண்டனையை இந்த வயதுப் பிள்ளைகள் மன்னிப்பதில்லை. முன்பே சொன்ன விளைவை முகம் சுளித்தாவது ஏற்றுக்கொள்வார்கள்.

அரசும் இந்தத் திசையில் சில அடிகள் எடுத்துவைத்திருக்கிறது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். 2022 நவம்பரில் திருச்சியில் தொடங்கிய வானவில் மன்றம் ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கு அறிவியல், கணிதச் சோதனைகளைக் கொண்டுபோகிறது. 2024இல் வந்த மகிழ் முற்றம் அரசுப் பள்ளி மாணவர்களைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து அணிகளாகப் பிரித்துப் பொறுப்புகள் கொடுக்கிறது. தனியார் பள்ளிகளுக்கு மட்டுமே உரியது என்று எண்ணியிருந்த ஏற்பாடு அது. நல்லது. ஆனால் மாதத்துக்கு ஓரிரு முறை வரும் நிகழ்ச்சிகள், அன்றாடப் பாடவேளைக்கு ஈடாகாது.

நடுநிலை வகுப்புகளின் ஒழுங்குப் பிரச்சினையில் பெரும்பகுதி உண்மையில் வாசிப்புப் பிரச்சினை. தமிழ்ப் பத்தி ஒன்றைத் தடுமாறாமல் படிக்க முடியாத பிள்ளை, ஏழாம் வகுப்புப் புத்தகங்களை வைத்துக்கொண்டு தினமும் எட்டுப் பாடவேளை என்ன செய்வான்? பக்கத்தில் இருப்பவனைக் குத்துவான். ஆறு முதல் ஒன்பது வகுப்புகளில் அடிப்படைத் திறன் இல்லாதவர்களுக்கென்று 2025இல் 'திறன்' என்ற தனித் திட்டத்தை அரசு தொடங்கியதே இந்த உண்மையை ஒப்புக்கொண்டதுதான். பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பும், பின்னர் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்ட ஆய்வாளர்களும் சேர்ந்து ஹரியாணாவில் செய்து பார்த்ததும் இதுதான்: நாளுக்கு ஒரு மணி நேரம், வகுப்பைப் பார்க்காமல் வாசிப்பு நிலையைப் பார்த்துப் பிள்ளைகளைக் குழுவாக்கிக் கற்பித்தார்கள், வாசிப்பு முன்னேறியது. எட்டாம் வகுப்பில் மறுபடி ஃபெயில் போட்டால் பயத்தில் படிப்பார்கள் என்று வாதாடுவோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். 2024 டிசம்பரில் மத்திய அரசு ஐந்து, எட்டாம் வகுப்புகளில் தேர்ச்சி பெறாதவர்களை நிறுத்திவைக்க வழிசெய்தபோது தமிழகம் ஏற்கவில்லை; 2025 ஆகஸ்டில் வந்த மாநிலக் கல்விக் கொள்கையும் அதே நிலையில் நிற்கிறது. சரியான முடிவு. ஆனால் நிறுத்திவைக்காமல் மேலே அனுப்பும் அரசு, அனுப்பும் முன் படிக்கக் கற்றுக்கொடுக்கவும் கடமைப்பட்டது.

ஆளும் வேண்டும். உயர் தொடக்க வகுப்புகளில் வகுப்புக்கு ஓர் ஆசிரியராவது, 35 பிள்ளைகளுக்கு ஒருவர் என்ற கணக்கில், அறிவியல்–கணிதம், சமூக அறிவியல், மொழி ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒருவராவது இருக்க வேண்டும் என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை. அது குறைந்தபட்சம். அந்தக் குறைந்தபட்சத்திலும் ஒருவர் பயிற்சிக்கும், ஒருவர் தேர்தல் பணிக்கும், ஒருவர் கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் விவரம் ஏற்றவும் போனால், மிச்சமிருப்பவர் இரண்டு வகுப்புகளை ஒன்றாக உட்காரவைத்து "சத்தம் போடாதீங்க" என்றுதான் சொல்வார். அவரைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

எல்லா அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் நான்கில் மூன்று பங்குக்குக் குறையாமல் பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். உங்கள் பிள்ளை நடுநிலை வகுப்பில் படித்தால் அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். ஆறு, ஏழு, எட்டு வகுப்புகளுக்கு எத்தனை ஆசிரியர் இருக்க வேண்டும், எத்தனை பேர் இருக்கிறார்கள், கடந்த மாதத்தில் எத்தனை நாள் அவர்கள் வேறு வேலைக்கு அனுப்பப்பட்டார்கள், தடுமாறாமல் படிக்க முடியாத பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களுக்கு எந்த நேரத்தில் யார் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். பதில்கள் கூட்டக் குறிப்பேட்டில் எழுதப்படும் வரை எழுந்து வராதீர்கள்.